சீராக வந்த பங்கு

நாணுடைமை என்றோர் அறம் உண்டு. முகம் சிவப்பதையும் தலை கவிழ்வதையும் நாண் என்று எண்ணுவோர் பலர். அறநெறி கண்டோர் அச்சொல்லுக்கு வைத்த பொருள் இன்னும் ஆழமானது. பிறர் பார்த்தாலும் பாராவிட்டாலும், தகாத ஒன்றின் அருகே சென்ற அக்கணமே நெஞ்சு தானாக ஓரடி பின்வாங்குமே, அந்தப் பின்வாங்கல்தான் நாண். பதவி ஏறியதும் பலரிடம் அது ஓசையின்றிக் கழன்று விழுந்துவிடுகிறது. கழலாமல் காத்துக்கொண்ட ஒருவர் திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே ஒரு சிறு பேரூராட்சியில் வாழ்கிறார். அவர் பெயர் அறிவுச்செல்வி.

ஐம்பத்தொரு வயது. பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் ஒரு வாடகை அறையில் பதினெட்டு ஆண்டுகள் பெண்களுக்குத் தையல் கற்றுக் கொடுத்தவர். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே கடைவீதிக்குப் போய்த் திரும்பி, யாரேனும் சொன்ன பிறகே அதைக் கழற்றுவார். கணவர் கண்ணுசாமி பால் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் அனிதா பரமத்தி வேலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, அவரிடம் தையல் கற்ற பெண்களே அவரைச் சுயேச்சையாக நிற்க வைத்து வெல்லவும் வைத்தார்கள். மொத்தம் பதினைந்து வார்டு. ஓர் அணிக்கு ஏழு, மற்றோர் அணிக்கு ஏழு, எஞ்சிய ஒருவர் அறிவுச்செல்வி. தலைவர் பதவி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. எதிரணி ஆள் அமர்ந்துவிடக் கூடாதென்று இரு அணியும் கங்கணம் கட்டிக்கொண்டு நின்றதில், இருவருக்கும் வேண்டாதவராகவும் இருவருக்கும் பகையில்லாதவராகவும் இருந்த இவரை அந்த நாற்காலியில் அமர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து செய்தி சொன்னபோது கண்ணுசாமி சிரித்தார்.

"ஏழுக்கும் ஏழுக்கும் நடுவுல போட்ட தையலு நீ. எவனாச்சும் ஒரு பக்கமா இழுத்தான்னா பிரிஞ்சு போயிரும், பாத்துக்க."

"ரெட்டத் தையல் போட்டுக்கறனுங்க" என்றார் அறிவுச்செல்வி.

அவர் அறிந்திருந்தார்: தமக்குக் கட்சி இல்லை, ஆள் இல்லை, அடி இல்லை. எந்தப் பக்கமும் சாயாதவர் என்ற பெயர் ஒன்றே அவருடைய முதல். அது போனால் எல்லாம் போயிற்று.

மூன்றாம் ஆண்டுக் கோடை கடுமையாக வந்தது. ஊரின் வடகோடியில் பாறைமேட்டில் அமைந்த மேட்டுத் தெருவில் நூற்று நாற்பது வீடுகள். அங்கிருந்த இரண்டு ஆழ்குழாய்க் கிணறுகளும் மாசி மாதத்திலேயே காற்றை உமிழத் தொடங்கின. காவிரிக் குடிநீர் ஒன்பது நாளைக்கு ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. நான்கு இடங்களில் ஆழமாகத் துளையிடுவதென்று மன்றம் முடிவு செய்து ஒப்பந்தப்புள்ளி கோரியது. மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். மூன்றில் குறைந்த தொகை கேட்டிருந்தவர் குணசீலன், அறிவுச்செல்வியின் உடன்பிறந்த அண்ணன், துளையிடும் வண்டி வைத்துத் தொழில் செய்பவர்.

பேரூராட்சியின் செயல் அலுவலர் நவநீதகிருஷ்ணன் விதி தவறாதவர். கோப்பை மூடி வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"தலைவரம்மா, இது உங்க அண்ணன் வண்டிங்களே?"

"ஆமாங்க. அவர் தனிக் குடித்தனம், நான் தனிக் குடித்தனம். எடுக்கறதும் விடறதும் உங்க விதிப்படி பாத்துக்கங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"கூடப் பொறந்தவருங்கறது மட்டும் தடையில்லைங்க. உங்களுக்கோ ஐயாவுக்கோ அந்த வண்டியில பங்கு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இல்லைன்னு எழுதிக் குடுத்துருங்க. மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு நகல் போயிரும்."

அறிவுச்செல்வி உடனே எழுதினார். தமக்கும் தம் கணவருக்கும் மேற்படி துளையிடும் வண்டியில் எவ்விதப் பங்கும் இல்லை என்று தெளிவான கையெழுத்தில் எழுதி ஒப்பமிட்டார். எழுதத் தயங்க வேண்டிய காரணம் எதையும் அவர் அறிந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டம். அதற்கு முந்தைய புதன்கிழமை மாலை, ஒரு முழுக் கொல்லிமலைப் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு குணசீலன் வீட்டுக்கு வந்தார். கண்ணுசாமி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளக்க அமர்ந்தார்.

"அம்மிணி, வெள்ளிக்கெழம தீர்மானம் ஆச்சுன்னா திங்கக்கெழமயே வேலையத் தொடங்கிரலாம். வடக்க ஓடிக்கிட்டிருந்த புது வண்டியத் திரும்பி வரச் சொல்லிட்டேன்."

"இங்க நிக்கற வண்டியவே விடலாமில்லீங்களாண்ணா? எதுக்கு அத்தனை தூரத்துல இருந்து?"

"உன்ற ஊருக்கு உன்ற வண்டி ஓடோணுமா வேண்டாமா?"

அறிவுச்செல்வி சிரித்தார். "வண்டில என்ற பேர எழுதிட்டா என்ற வண்டி ஆயிருமாக்கு?"

"பேரு கெடக்குது. கால் பங்கு உன்றதுதான சாமி?"

பலாச்சுளையை எடுத்த கண்ணுசாமியின் கை நின்றது.

"என்ன பங்குங்கண்ணா?"

"என்ன பங்கா? உன்ற கல்யாணத்துக்கு அப்பா வெச்ச சீரு! நகை பத்தலீன்னு அவரு மனசு ஆறாம, முதல் வண்டி வாங்குனப்ப உன்ற பேர்ல கால் பங்கு எழுதுனாரே. அந்த வண்டிய வித்துத்தான் அடுத்த வண்டி, அத வித்து இது. பங்கு அப்படியே வந்துக்கிட்டிருக்குது. நீதான கையெழுத்துப் போட்ட?"

"நானா?"

"மறுவூட்டு விருந்துக்கு வந்தன்னைக்கு. கோழிக்கொழம்புக் கைய முந்தானையில தொடச்சுக்கிட்டு நாலு தாள்ல போட்ட. ஆடிட்டர் ஊட்டு பீரோல இருக்குது."

அந்த நாலு தாள் அறிவுச்செல்விக்கு நினைவுக்கு வந்தது. குடும்ப அட்டையில் பெயர் நீக்கும் தாள்களோடு அவையும் வந்திருந்தன. எல்லாம் ஒன்றென்று எண்ணி இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒப்பமிட்டிருந்தார்.

"அப்ப அந்தப் பங்குக்கு வந்த வரும்படி?"

"வருசாவருசம் தைப்பொங்கச் சீருல வருதே! நீ என்னன்னு நெனச்ச?"

"நீங்க பாசத்துல செய்யறீங்கன்னு நெனச்சனுங்க."

"பாசமுந்தான். ஆனா வெறும் பாசத்துல பிரிட்ஜும் வாசிங் மிஷினும் எறக்க எனக்கென்ன கிறுக்கா?"

திருச்செங்கோட்டு வட்டாரத்தில் ரிக் வண்டி என்பது ஒருவர் கைக்குள் அடங்கும் பொருளன்று. துளையிடும் லாரி ஒன்று, காற்றழுத்தும் லாரி ஒன்று என இரண்டு சேர்ந்ததே ஒரு வண்டி. அதை வாங்க மாமனும் மைத்துனனும் பங்காளியும் ஒன்றுகூடி, அரை, கால், அரைக்கால் என்று பங்கு பிரித்துக்கொள்வார்கள். பெண்ணுக்கு மணமாகும்போது அவ்வகைப் பங்கொன்றைச் சீராக எழுதி வைக்கும் வழக்கமும் மெல்ல வேரூன்றிவிட்டது. ஆனால் அந்தப் பங்கைப் பங்கென்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தங்கையிடம் வரவு செலவுத் தாளை நீட்டுவது அண்ணனுக்கு இழிவு. அண்ணனிடம் என் பங்கு எங்கே என்று கேட்பது தங்கைக்கு அதனினும் இழிவு. எனவே ஆதாயம் முழுவதும் தட்டில் வெற்றிலை பாக்கோடும் சேலையோடும் வெல்லத்தோடும் சீராக வந்து இறங்கும். கொடுப்பவர் பங்கைக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதி கொள்வார். பெறுபவர் பிறந்த வீட்டு அன்பென்று கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

அறிவுச்செல்விக்கு இப்போது எல்லாம் விளங்கியது. வண்டி வடக்கே, வட மாநிலங்களில், நன்றாக ஓடிய ஆண்டுகளில் சீர் வண்டி நிறைய வந்திருந்தது. ஆற்று மணலில் வண்டி புதைந்து மாதக்கணக்கில் நின்ற ஆண்டில் ஒரு சேலையும் இரண்டு அச்சு வெல்லமுமே வந்தன. அண்ணனுக்குக் கையில் முடை போலும் என்று அன்று இவர் இரங்கியிருந்தார்.

"அண்ணா, பங்கில்லைன்னு நான் எழுதிக் குடுத்துட்டனுங்களே."

"எழுதுனா என்ன? யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சுங்களே."

குணசீலன் சுளையை வாயில் போட்டு, கொட்டையைக் கையில் உருட்டியபடி யோசித்தார். "சரி, உடு. ஆடிட்டர்கிட்டச் சொல்லி, போன வருசத் தேதியப் போட்டு, உன்ற பங்க உன்ற நங்கை பேருக்கு மாத்துனாப்புல ஒரு தாள் எழுதிரலாம். வெள்ளிக்கெழம காலையில ஒரு கையெழுத்து. சோலி முடிஞ்சுது."

நங்கை என்று அவர் குறித்தது தம் மனைவியை. உள்ளன்போடுதான் சொன்னார். ஆயினும் அந்தச் சொல் காதில் விழுந்த கணத்தில் அறிவுச்செல்வியின் உடல் கூசியது. சுளை வைத்திருந்த தட்டைச் சற்றே தள்ளி வைத்தார்.

"வேண்டாங்கண்ணா. மன்றத்துல சொல்லிப் போடறேன்."

"என்னன்னு சொல்லுவ? என்ற அண்ணன் திருடன்னா?"

"எனக்குப் பங்கு இருக்குதுன்னு."

"அப்ப என்ற டெண்டரு போச்சு. போவுது. சீரையும் திருப்பீருவியா? சீரத் திருப்பறதும் பொறந்த ஊட்டக் கதவ இழுத்துச் சாத்தறதும் ஒண்ணு, தெரியுமில்ல?" குணசீலன் எழுந்துவிட்டார். வாசற்படியில் நின்று திரும்பினார். "மறுபடி டெண்டரு விட்டா எத்தனை நாளாகும்? மேட்டுத் தெருப் பொம்பளைக கொடத்தத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா என்ன பண்ணுவ? உன்ற நாயத்த ஊத்திக் குடுப்பியா?"

அந்தக் கேள்வி முள்போல் தைத்துக்கொண்டது. அண்ணன் போன பிறகும் அறிவுச்செல்வி எழவில்லை. கண்ணுசாமி கையிலிருந்த பால்பிசினைத் துணியால் துடைத்தபடி சொன்னார்.

"பதவி போனா மறுபடி ஜாக்கெட்டு தெப்ப. எனக்கும் நேரத்துக்குச் சோறு கெடைக்கும்."

"பதவி போறது இருக்கட்டுங்க. பொய் எழுதிக் குடுத்தவன்னு பேராயிருமே."

"தெரியாம எழுதுனது நேத்து. நாளைக்கும் சும்மா இருந்தா, அதுதான் பொய்யி" என்றார் கண்ணுசாமி. பகடி பேசியே பழகிய அம்மனிதர் அன்று அவ்வளவில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை அறிவுச்செல்வி செயல் அலுவலரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். நவநீதகிருஷ்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, தீர்மானம் ஆகறதுக்கு முன்னாடி சொன்னா அது திருத்தம். ஆன பொறகு தெரிய வந்தா குத்தம். இன்னும் ஆகலை, அது வரைக்கும் நல்லதுங்க. ஆனா நீங்க எழுதிக் குடுத்தது மாவட்ட அலுவலகம் போயாச்சு. திருத்தத்தையும் இன்னைக்கே அனுப்பறேன். அவங்க என்ன முடிவு பண்ணுவாங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாதுங்க. விளக்கம் கேக்கலாம். பதவிக்கே கூட வரலாம்."

"சரிங்க. பங்கைத் திருப்பிக் குடுத்தாகணுங்களா?"

"எதுக்குங்க? பங்கு உங்க சொந்தச் சொத்து. அது இருக்கற வண்டி இந்தப் பேரூராட்சியில வேலை எடுக்கக் கூடாது. அவ்வளவுதாங்க விதி."

நெஞ்சில் இருந்த இரு பாரங்களில் ஒன்று அப்போது சற்றே நகர்ந்தது. பிறந்த வீட்டுக் கதவைச் சாத்த வேண்டியதில்லை.

அங்கிருந்து நேரே மேட்டுத் தெருவுக்கு நடந்தார். வறண்ட குழாயடியில் குடங்கள் வரிசையாக வாய் பிளந்து கிடந்தன. அவரிடம் முன்பு தையல் கற்ற சௌந்தர்யா என்ற பெண் ஓடி வந்து வரவேற்றாள். நடந்ததைச் சொல்லி, துளையிடும் வேலை இரண்டு வாரம் தள்ளிப் போகக் கூடும் என்றார் அறிவுச்செல்வி. சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

சௌந்தர்யா குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "ஒம்பது நாளைக்கு ஒருக்காத் தண்ணி புடிக்கற எங்களுக்கு ரெண்டு வாரம் என்னங்க்கா புதுசு? லாரித் தண்ணிய மட்டும் நாள் தவறாம விடச் சொல்லுங்க. போன தடவை ஒருத்தன் போர் போட்டானே, அவசரத்துல ஒப்பேத்திட்டுப் போனவன், அது ஒரு வருசங்கூட நிக்கலை. இந்தத் தடவை நல்ல ஆளா வரட்டும்."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மன்றம் கூடியது. ஏழாவது பொருளாக ஆழ்குழாய்க் கிணறு வந்தது. அறிவுச்செல்வி எழுந்து நின்று, கையிலிருந்த தாளைப் படித்தார். இன்ன வண்டியில் எனக்குக் கால் பங்கு உண்டு, மணச்சீராக வந்தது, அறியாமல் இல்லையென்று எழுதிக் கொடுத்தேன், அதைத் திருத்துகிறேன். நான்கே வரி.

ஓர் அணியின் வரிசையில் முதல் இருக்கையில் இருந்த சின்னராஜ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். நாக்கில் மிளகாய் தடவியவர் என்று ஊரில் அவருக்குப் பெயர்.

"அண்ணன் வண்டி, தங்கச்சி நாற்காலி, நடுவுல நம்ம ஊர்க் காசு. நல்ல குடும்பக் கதையா இருக்குதுங்களே! ஏனுங்க தலைவரே, இருவத்தொம்பது வருசமாத் தெரியலீங்களாக்கு? ஜாக்கெட்டுக்கு அரை இஞ்சு அளவு தப்பாம எடுக்கறவீங்க, சொந்தப் பங்குக்கு அளவெடுக்காமயா இருந்தீங்க?"

மன்றம் சிரித்தது. அறிவுச்செல்வியின் காது மடல் சுட்டது. தாளை மடித்து மேசைமேல் வைத்தார்.

"தெரியலைங்க. புதங்கெழம தெரிஞ்சுது, இன்னைக்குச் சொல்றேன். இந்தப் பொருள் முடியற வரைக்கும் நான் வெளிய உக்காந்துக்கறேன். துணைத் தலைவர் நடத்தட்டும். ஒண்ணே ஒண்ணு. மிச்சம் ரெண்டு வண்டியிலயும் இந்த மன்றத்துல இருக்கறவங்களுக்கோ ஊட்டுக்காரங்களுக்கோ சீருப் பங்கு இல்லைன்னு கேட்டு எழுதிக்கிட்டு முடிவு பண்ணுங்க. என்னைய மாதிரி தெரியாம யாரும் மாட்டிக்க வேண்டாம்."

தாழ்வாரத்தில் சுவரோரமாக ஒரு நீண்ட மரப்பலகை இருக்கை கிடந்தது. அதன் நடுவில் போய் அமர்ந்தார். உள்ளே மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. பிறகு சின்னராஜின் குரல் கேட்டது. கைப்பேசியில் மனைவியை அழைத்திருந்தார். தமக்குக் கள்ளமில்லை என்று மன்றம் முழுவதும் கேட்கட்டுமென ஒலிபெருக்கியையும் திறந்து வைத்திருந்தார்.

"ஏம்புள்ள, உங்கொப்பன் உனக்குச் சீருல ரிக் வண்டி கிக் வண்டின்னு ஏதாச்சும் எழுதி வெச்சாரா? இல்லைன்னு சத்தமாச் சொல்லு."

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க?" என்றது கைப்பேசி, மன்றமெங்கும் கேட்கும்படி. "எங்க சித்தப்பன் வண்டில அரைக்கால் பங்கு இருக்குதே! போன தீவாளிக்கு உங்க கைக்கு மோதரம் வந்துதே, அது பின்ன எங்கிருந்து வந்துதுங்கறீங்க? ஏனுங்க, ஆராச்சும் கேக்கறாங்களா?"

அந்தச் சித்தப்பன் வண்டியே இரண்டாவது விண்ணப்பம். மன்றம் கூரை அதிரச் சிரித்தது. துணைத் தலைவர் வீரபாகு மேசையைத் தட்டி அடக்கினார். தறிக்குடும்பத்தைச் சேர்ந்த அவர் அமைதியாகக் கேட்டது சன்னல் வழியே தெளிவாக வந்தது. "ஏனுங்க சின்னராஜ், அந்த மோதிரத்துக்கு அளவு சரியா இருந்துதுங்களா?"

கதவு திறந்தது. சின்னராஜ் வெளியே வந்தார். பலகையின் கடைக்கோடியில், ஒரு முழம் தள்ளி, தெருவைப் பார்த்தபடி அமர்ந்தார். சற்று நேரத்தில் மீண்டும் கதவு திறந்தது. மூன்றாம் வார்டு உறுப்பினர் அன்பு தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"நீங்களுமாப்பா?"

"கால்ல பாதிங்கக்கா. மூணாவது வண்டி. என்ற மாமனாரு இத்தனை வருசமா வாய் தொறக்கலை. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அவருக்குப் பின் இருவர். அவர்களுக்குப் பின் இன்னும் மூவர். ஒவ்வொருவரும் வீட்டுக்கு அழைத்துக் கேட்க, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கால், ஓர் அரைக்கால், அதிலும் பாதியான ஒரு மாகாணி துயில் கலைந்து எழுந்து வந்தது. இரு அணியைச் சேர்ந்தவர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே பலகையில் அமர்ந்தார்கள். இடம் போதாமல், அவர்களுக்கும் பிறகு கடைசியாக வந்த இருவர் தூணில் சாய்ந்து நின்றார்கள். எண்ணிப் பார்த்தால் அறிவுச்செல்வியோடு பத்துப் பேர். உள்ளே ஐவர். கூட்டம் செல்லுபடியாக ஐவர் வேண்டும் என்பதை விதிநூலில் பார்த்துச் சொன்ன பிறகே நவநீதகிருஷ்ணனுக்கு உயிர் வந்தது.

"தலைவரே" என்றார் சின்னராஜ், இன்னும் தெருவைப் பார்த்தபடியே.

"சொல்லுங்க."

"அளவு நாடா வெச்சிருக்கீங்களா? நானும் கத்துக்கறேன்."

பலகை முழுவதும் குலுங்கிச் சிரித்தது. அறிவுச்செல்வியும் சிரித்தார், புதன்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக. தாம் ஒருவரே ஊரறியக் குற்றவாளிபோல் நிற்கப் போகிறோம் என்று அஞ்சியே வந்திருந்தார். ஊர் முழுவதும் அதே பிழையைச் செய்திருக்க, அதை முதலில் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது, அவ்வளவே. தோளை இறுக்கியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்து இறங்குவதை அவர் உணர்ந்தார்.

உள்ளே இருந்த ஐவரும் ஒரே மனதாக முடிவு செய்தார்கள். மூன்று விண்ணப்பங்களையும் திருப்புவது. குறுகிய கால அறிவிப்பில் மீண்டும் கோருவது. மன்றத்தார் வீடுகளில் உள்ள வண்டிப் பங்குகளை ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பது. அதுவரை மேட்டுத் தெருவுக்கு நாள்தோறும் இரு நடை லாரித் தண்ணீர் விடுவது. கையொப்பமிட்டு வெளியே வந்த வீரபாகு பலகையைப் பார்த்துக் கைகூப்பினார். "எல்லாரும் உள்ள வாங்க. எங்க ஊட்டுச் சீருல நூலுதானுங்க வரும். அதனால தப்பிச்சேன்."

ஆத்தூருக்கு அப்பாலிருந்து ஒரு வண்டிக்காரர் இம்முறை விண்ணப்பித்தார். இவ்வூரார் அங்கே பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை. எனவே பங்கு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் வேலை அவருக்குப் போயிற்று. சித்திரை இறுதியில், காலை ஒன்பது மணிக்கு, மேட்டுத் தெருவில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி முன்னேறி நின்றது. வெண்புழுதி எழுந்து வேப்பமரங்களையும் வேடிக்கை பார்த்தோரையும் ஒருங்கே வெளுத்தது. நானூறு அடி. ஐந்நூறு அடி. புழுதி மட்டுமே வந்தது. அறிவுச்செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, உள்ளுக்குள் ஒரு பதிகத்தைச் சொல்லிக்கொண்டே நின்றார்.

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் உரக்க எழுந்தது. "ஏப்பா, ராடு திணறுது பாரு! மெதுவா எறக்கப்பா, பாறை மாறுது!"

குணசீலன். மூன்று வாரமாக அவர் தங்கையோடு பேசவில்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் ரிக்கோடு வாழ்ந்தவரால், பக்கத்தில் ஒரு வண்டி இரைவதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் இருக்க இயலவில்லை.

"நீங்க யாருங்க?" என்றார் ஆத்தூர் வண்டிக்காரர் எரிச்சலோடு.

"இந்த வேலை கைமாறிப் போன ஆளு" என்றார் குணசீலன். "அதனாலதான் சொல்றேன். மெதுவா எறக்கு."

துளையிடும் இரும்புக் கம்பியான அந்த ராடு மெதுவாக இறங்கியது. அறுநூற்று இருபதாவது அடியில் புழுதி கருத்தது, கருத்தது குழைந்தது, குழைந்தது பீறிட்டு வானுக்கு எழுந்து, நின்றோர் அனைவர்மேலும் சேறாகப் பொழிந்தது. பெண்கள் குரவையிட்டார்கள். சௌந்தர்யா சேற்றுக் கையோடு அறிவுச்செல்வியைக் கட்டிக்கொண்டாள்.

குணசீலன் முகத்திலிருந்த சேற்றை வழித்தெடுத்தார். தங்கையின் அருகில் வந்து நின்றார்.

"நல்ல தண்ணி, அம்மிணி. நாலஞ்சு வருசத்துக்குக் கவலையில்லை."

"அண்ணா, சீரைத் திருப்பலைங்க. பங்கு அப்படியே இருக்கட்டும். இந்த ஊர்ல மட்டும் நம்ம வண்டி வேலை எடுக்க வேண்டாம். நான் நாற்காலில இருக்கற வரைக்கும்."

"அவ்வளவுதானா?" குணசீலன் வியந்து பார்த்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் பலாப்பழத்தப் பாதில உட்டுட்டுப் போயிருக்க மாட்டேனே!"

இனி எஞ்சியது மாவட்ட அலுவலகத்தின் மறுமொழி. வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, தபால்களோடு தபாலாக அது வந்தது. நவநீதகிருஷ்ணன் உறையைப் பிரிக்காமலே கொண்டு வந்து மேசையில் வைத்தார். அறிவுச்செல்வி இருமுறை படித்தார். தீர்மானத்துக்கு முன்னரே தாமாக முன்வந்து உண்மையைத் தெரிவித்திருப்பதாலும், பொருள் விவாதிக்கப்பட்டபோது அவையை விட்டு விலகியிருந்ததாலும், திருத்தம் ஏற்கப்படுகிறது; மேல் நடவடிக்கை தேவையில்லை என்றிருந்தது.

"முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுதுங்கம்மா. சுத்தமா முடிஞ்சுது" என்றார் செயல் அலுவலர். அவரும் அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்து அமர்ந்தார்.

அன்று நண்பகல் வீட்டுக்கு வந்த அறிவுச்செல்வி, சோறுண்டு, பாயை விரித்துப் படுத்தவர் மாலை வரை எழவில்லை. இரு மாதங்களாக அரைகுறையாகக் கழிந்த உறக்கம் அனைத்தும் ஒருங்கே வந்து அவரைத் தாலாட்டியது. தேடி வந்த இருவரைக் கண்ணுசாமி வாசலிலேயே நிறுத்தினார். "தலைவரு தூங்கறாங்க. ஊருக்கு ஒண்ணும் ஆயிராது. நாளைக்கு வாங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லி அனுப்பினார்.

செங்கோட்டு மலைமேல், தன் உடலிற் பாதியைத் துணைவிக்கு ஈந்து நின்றருளும் பெருமான் அவ்வில்லத்தைக் காத்தருள்க. கண்ணுசாமியின் பகடி குன்றாது நீடுக. அனிதாவின் மடி மக்களால் நிறைக. புகுந்த வீட்டு வாசலும் பிறந்த வீட்டு வாசலும் என்றும் ஒன்றையொன்று நோக்கித் திறந்திருக்க. அவ்வீட்டார் உண்ணும் நீர் இனிதாகுக. உரைக்கும் சொல் மெய்யாகுக. உறங்கும் உறக்கம் அச்சமின்றி அமைக.